ஒன்பது நியூரான் போதும்: சிறிய கல்லூரியில் நரம்பறிவியல்

மூளையைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று பிளஸ் டூ முடித்த பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "அப்போ டாக்டரா?" என்பதுதான். நான்கு வருடமும் பெரும் பணமும் செலவாவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

இல்லை. அமெரிக்காவில் நரம்பறிவியலில் பி.ஏ. வாங்கினால் டாக்டர் ஆகிவிட முடியாது. அங்கே மருத்துவம் என்பது இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு தனியாகச் சேர வேண்டிய நான்கு வருடப் படிப்பு. அதற்கு எம்கேட் என்ற தேர்வு உண்டு. அதில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் ஒரு பகுதியாக இருப்பதால் நரம்பறிவியல் மாணவர்களுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கிற சிலவும் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டச் சொல்வது உண்டு. இந்தியாவில் நரம்பியல் மருத்துவராக வேண்டுமென்றால் வழி வேறு: நீட், எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதன் பிறகு டி.எம். அந்த வழியில் அமெரிக்க பி.ஏ.வுக்கு வேலையே கிடையாது. மனசு மருத்துவத்தில்தான் இருக்கிறது என்றால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

நரம்பு செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன, நினைவு எங்கே தங்குகிறது, தூக்கம் எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவர்களுக்குத்தான் மீதிப் பக்கங்கள்.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது

அமெரிக்காவின் சிறிய கல்லூரிகளான ஆம்ஹெர்ஸ்டிலும் போடனிலும் மொத்த மாணவர்கள் ஏறக்குறைய 1,900 பேர். நம் ஊரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். இளநிலை மாணவர்கள் மட்டுமே படிக்கும் இத்தகைய உறைவிடக் கல்லூரிகளை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்பார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் கிடையாது. இயற்பியலும் கணிதமும் கிரேக்க இலக்கியமும் ஒரே வளாகத்தில் நடக்கும். என்ன மேஜர் (முதன்மைப் பாடம்) என்பதை இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் சொன்னால் போதும்.

முனைவர் பட்ட மாணவர்கள் இல்லை என்பதைச் சும்மா ஒரு தகவலாகக் கடந்துவிடாதீர்கள். இந்த அத்தியாயத்தின் கருத்தே அதுதான். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் பேராசிரியருக்குக் கீழே முதுமுனைவர் ஆய்வாளர்கள், அவர்களுக்குக் கீழே பி.எச்டி. மாணவர்கள், அவர்களுக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்யும் உதவியாளர்கள். இளநிலை மாணவர் வரிசையின் கடைசியில் நின்று தட்டு கழுவி, எலிக்குத் தீனி போட்டு, இரண்டாம் வருடத்தில்தான் கருவியைத் தொடுவார். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். நல்ல ஆய்வகங்களும் உண்டு. சிறிய கல்லூரியில் அந்த வரிசையே இல்லை. பேராசிரியருக்கு ஆராய்ச்சி நடக்க வேண்டுமானால் உங்களை வைத்துத்தான் நடத்த வேண்டும். மின்முனையைப் பிடிப்பதும் தரவைப் பகுப்பதும் சில சமயம் கட்டுரையில் இணை ஆசிரியராகப் பெயர் வருவதும் அதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விளம்பரப் புத்தகங்களில் அது இருக்காது. நரம்பறிவியல் சொல்லிக்கொடுப்பவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் நீங்கள் காத்திருந்த பாடம் அந்த வருடம் நடக்காது. மூளையைப் படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரும்பாலும் இருக்காது. குரங்கை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியும் இருக்காது. உங்கள் ஆர்வம் குறிப்பாக அவற்றில்தான் என்றால் பெரிய பல்கலைக்கழகமே சரி.

கருவி இல்லாமல் என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு சான் டியாகோவில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியை ஆராய 1990-களில் பயன்படுத்தியது ஒரு பெட்டியும் ஒரு நிலைக்கண்ணாடியும். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் பார்க்கும்போது சிலருக்கு வலி தணிந்தது. நல்ல கேள்விக்கு எப்போதும் விலை உயர்ந்த இயந்திரம் தேவைப்படுவதில்லை.

இலக்கியம் படித்தவர்கள் செய்த அறிவியல்

நரம்பறிவியல் என்பது தனித் துறையாக உருவானதே அண்மையில்தான். அமெரிக்காவின் நரம்பறிவியல் சங்கம் 1969-இல்தான் தொடங்கியது. அதற்குச் சில வருடங்களுக்குள் ஆம்ஹெர்ஸ்ட், ஓபர்லின் போன்ற சிறிய கல்லூரிகள் இளநிலையிலேயே அதைப் பாடமாக்கிவிட்டன. இளநிலையில் இதைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் 1991-இல் தங்களுக்கென்று ஓர் அமைப்பையே ஏற்படுத்திக்கொண்டார்கள். அதன் சுருக்கப் பெயர் ஃபன். பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

மூளையின் இடது, வலது பாதிகளைப் பிரித்து ஆராய்ந்து 1981-இல் நோபல் பெற்ற ரோஜர் ஸ்பெர்ரி ஓபர்லினில் படித்தவர். 1935-இல் அவர் அங்கே வாங்கிய பட்டம் ஆங்கிலத்தில். இடையில் எடுத்த அறிமுக உளவியல் வகுப்பு அவரைத் திருப்பியது. அங்கேயே தங்கி உளவியலில் எம்.ஏ. முடித்துவிட்டுத்தான் விலங்கியல் பக்கம் போனார். கடல் முயல் என்ற கடல் நத்தையை வைத்து நினைவின் வேதியியலைக் கண்டறிந்து 2000-இல் நோபல் பெற்ற எரிக் காண்டெல் ஹார்வர்டில் படித்தது வரலாறும் இலக்கியமும். லிபரல் ஆர்ட்ஸ் படிப்பின் பெருமைக்காக இவர்களைச் சொல்லவில்லை. இத்துறைக்கு ஒரே வாசல் என்று எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காமல் கணினி அறிவியல் எடுத்தவர்கள் தயங்க வேண்டாம். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இன்று ஆய்வகங்களில் நல்ல வரவேற்பு.

ஆய்வகத்தில் என்ன நடக்கும்

பெரும்பாலான கல்லூரிகளில் மதியம் ஒரு மணிக்கு ஆய்வக வகுப்பு தொடங்கும். நாலு மணிக்கு முடியும் என்று கால அட்டவணை சொல்லும். அதை நம்பி ஐந்து மணிக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் உயிரினம் அநேகமாக கிரேஃபிஷ், அதாவது நன்னீரில் வாழும், இறாலைப் போன்ற சிறு பிராணி. அதைப் பனிக்கட்டியில் வைத்து உணர்விழக்கச் செய்து, வாலின் அடிப்பக்கத்தைத் திறந்து, மேலோட்டமாக ஓடும் ஒரு மெல்லிய நரம்பை உறிஞ்சு மின்முனையால் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஒலிபெருக்கியில் படபடவென்று ஒரு சத்தம் கேட்கும். திரையில் குத்துக் கோடுகள் எழும். ஒவ்வொரு கோடும் ஒரு நியூரான் ஒரு முறை துடித்ததன் அடையாளம். அந்த நரம்புக்குள் ஆறே நியூரான்கள்தான் ஓடுகின்றன: ஐந்து தசையைச் சுருங்கச் சொல்பவை, ஒன்று வேண்டாம் என்று தடுப்பது. ஒவ்வொன்றின் கோடும் வேறு வேறு உயரம். ஆகவே எது பேசுகிறது என்று கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். வாலைத் தூரிகையால் மெல்லத் தடவினால் எந்தக் கோடு பெருகுகிறது, எது அடங்குகிறது என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை.

அடுத்த வாரம் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனி கண்ணுக்கே தெரியாத ஊசியாக்கி, தசைச் செல்லுக்குள் இறக்குவார்கள். செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடப் பல பத்து மில்லிவோல்ட் எதிர்மறையாக இருப்பதைத் திரையில் பார்க்கலாம். நியூரானுக்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் வழக்கமான எண் மைனஸ் 70. சுற்றியுள்ள உப்புநீரில் பொட்டாசியத்தை ஏற்ற ஏற்ற அந்த எண் பூஜ்யத்தை நோக்கி நகரும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கணவாயின் பெரிய நரம்பிழையை வைத்து எழுதிய சமன்பாடுகளின் அடித்தளம் இப்படி உங்கள் மேஜைக்கே வந்துவிடுகிறது.

இதில் பாதி நேரம் எதற்குப் போகும் தெரியுமா? இரைச்சலை விரட்டுவதற்கு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நமக்கு 50). அறையில் உள்ள விளக்கு, செருகிய கம்பி, பக்கத்து மேஜை நுண்ணோக்கி எல்லாவற்றிலிருந்தும் அந்த 60 ஹெர்ட்ஸ் அலை உங்கள் பதிவுக்குள் நுழையும். எந்தக் கம்பியை எங்கே பூமியோடு இணைத்தால் அது அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். முழு மதியமும் இதிலேயே போய் ஒரு பதிவும் கிடைக்காத நாட்கள் உண்டு. எரிச்சலாக இருக்கும். ஆனாலும் நான்கு வருடத்தில் கற்கும் பாடங்களிலேயே உருப்படியானது இது என்பது என் எண்ணம். திரையில் தெரிவது உயிரினமா, சுவரில் உள்ள சுவிட்சா என்று சந்தேகப்படப் பழகிய மாணவர், பிறகு எந்தத் தரவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்.

மேய்ன் மாநிலக் கடலோரத்துக்குப் பக்கத்தில் உள்ள போடனில் சிங்கி இறாலை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. சிங்கி இறாலின் இதயத்தைத் துடிக்க வைப்பது அதன் உட்சுவரில் அமர்ந்திருக்கும் ஒரு நரம்பு முடிச்சு. அதில் இருப்பது மொத்தம் ஒன்பது நியூரான்: நான்கு தாளம் போடுபவை, ஐந்து தசையை இயக்குபவை. இதயத்தைத் தனியே எடுத்து உப்புநீரில் வைத்தாலும் துடித்துக்கொண்டே இருக்கும். அதில் ஏதாவது ஒரு ஹார்மோனைச் சொட்டினால் தாளம் மாறும். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள். 302 நியூரான் மட்டுமே உள்ள சி. எலிகன்ஸ் புழுவின் இணைப்புகள் முழுவதையும் 1986-இலேயே வரைந்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் புழு ஏன் இந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. ஒன்பது நியூரானில் கேட்கக் கேள்வி ஏராளமாக இருக்கிறது. இளநிலை மாணவர் ஒருவர் ஒரு வருடத்தில் உருப்படியாகச் சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று கிடைப்பதும் இத்தகைய சிறிய அமைப்புகளில்தான்.

விலங்குகளைக் கொல்வது பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுவோம். சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இதைச் சொல்லத் தயங்கி, மூன்றாம் ஆண்டில் எலியின் மண்டையைத் திறக்கும் பாடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். முதுகெலும்புள்ள உயிரினங்களுக்கு எல்லாக் கல்லூரியிலும் ஒரு மேற்பார்வைக் குழு உண்டு. அதன் அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் எலியைத் தொட முடியாது. கிரேஃபிஷ், கரப்பான்பூச்சிக்கு அந்த விதி பெரும்பாலும் பொருந்தாது. உங்களால் முடியாது என்றால் முதல் ஆண்டிலேயே ஆலோசகரிடம் சொல்லுங்கள். தலையில் மின்முனை ஒட்டிச் செய்யும் இ.இ.ஜி., நடத்தைச் சோதனை, கணினி மாதிரி என்று மாற்று வழிகள் பல இடங்களில் இருக்கின்றன. சில கல்லூரிகளில் மட்டும் விலங்கு ஆய்வகம் கட்டாயம். சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது மேல்.

பாடங்களை எப்படி அடுக்குவது

ஒரு பருவத்துக்கு நான்கு பாடம், நான்கு வருடத்தில் 32 என்பது பொதுவான கணக்கு. அதில் பத்து முதல் பதின்மூன்று வரை நரம்பறிவியல் மேஜருக்குப் போகும்: அறிமுகப் பாடம், உயிரியல், வேதியியல், உளவியல், புள்ளியியல், ஆய்வுமுறைப் பாடம், செல் பக்கமும் நடத்தைப் பக்கமும் சில மேல்நிலைப் பாடங்கள், கடைசி ஆண்டுக் கருத்தரங்கு. கார்ல்டன் போன்ற இடங்களில் பருவம் பத்தே வாரம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

வரிசையில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். பிளஸ் டூ கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இது எளிது என்று மூன்றாம் ஆண்டுக்கு ஒத்திவைப்பார்கள். அதற்குள் கையில் இருக்கும் தரவு பொருளுள்ளதா இல்லையா என்று தெரியாமலே இரண்டு வருடம் ஆய்வகத்தில் கழித்திருப்பார்கள். முதல் ஆண்டிலேயே புள்ளியியலும், கூடவே ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் ஓர் அறிமுகமும் இருந்தால், முதல் கோடை விடுமுறைக்கே பேராசிரியர் உங்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பாடப்புத்தகத்தில் பேரும் கானர்ஸும் பாரடைஸோவும் எழுதியது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்து புத்தகம் பின்னுக்குப் போய் ஆய்வுக் கட்டுரைகள் முன்னுக்கு வரும். அநேகமாக நீங்கள் படிக்கப்போகும் முதல் செவ்வியல் கட்டுரை ஸ்கோவிலும் மில்னரும் 1957-இல் எழுதியதாக இருக்கும். கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் 1953-இல் வலிப்பு நோய்க்காக ஸ்கோவில் ஒரு இளைஞரின் மூளையில் ஹிப்போகேம்பஸ் பகுதியை இருபுறமும் நீக்கினார். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிய நினைவுகள் பதிவதே நின்றுவிட்டது. எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே உலகம் அறிந்த அந்த ஹென்றி மோலைசன் 2008-இல் இறந்த பிறகுதான் அவர் பெயர் வெளியானது. அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது முதலில் சுருக்கத்தைப் படிக்காதீர்கள். நோயாளிகளின் விவரங்களையும் சோதனை முடிவுகளையும் மட்டும் பார்த்துவிட்டு, இதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வருவேன் என்று எழுதிக்கொண்டு, அதன் பிறகு ஆசிரியர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று பாருங்கள். படங்கள் உள்ள கட்டுரையானால் படங்களிலிருந்து தொடங்குங்கள். வகுப்பில் பேச உங்களிடம் தானாகவே நாலு வார்த்தை சேர்ந்துவிடும்.

பேசித்தான் ஆகவேண்டும். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவர் மௌனமாக இருந்தால் அதை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. படிக்காமல் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். பங்கேற்புக்குத் தனியே மதிப்பெண் உண்டு. வில்லியம்ஸ் கல்லூரியில் டுட்டோரியல் என்ற முறையில் ஒரு பேராசிரியருக்கு எதிரில் இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் நீங்கள் எழுதியதை மற்றவர் விமர்சிப்பார், அடுத்த வாரம் அவர் எழுதியதை நீங்கள். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பேராசிரியரின் அலுவல் நேரத்தில் போய்ப் பார்ப்பதையும் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். பாடம் புரியாதவர்கள்தான் போவார்கள் என்ற நினைப்பு நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. புரிந்தவர்களும் அங்கே போவார்கள். ஆய்வகத்தில் இடம் கிடைப்பது பெரும்பாலும் அந்த அறையில்தான். "சார்", "மேடம்" அங்கே பழக்கமில்லை. 'புரொஃபசர்' போட்டு அழையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூச்சப்படாமல் அப்படியே கூப்பிடலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

தரவரிசைப் பட்டியல் இதற்குப் பயன்படாது. நரம்பறிவியல் சில இடங்களில் தனித் துறை (ஓபர்லினில் அப்படி), சில இடங்களில் உயிரியலும் உளவியலும் சேர்ந்து நடத்தும் மேஜர், இன்னும் சில இடங்களில் வேறொரு மேஜருடன் சேர்த்து எடுக்கும் சிறு தொகுப்பு. மூன்றாவது வகையானால் உங்கள் பட்டத்தில் முதன்மையாக நிற்பது உயிரியலோ உளவியலோதான்.

அண்டைக் கல்லூரிகளையும் பாருங்கள். ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர் ஆகியவை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தோடு கூட்டு வைத்திருக்கின்றன. ஒன்றில் சேர்ந்தவர் மற்றவற்றிலும் பாடம் எடுக்கலாம், பேருந்தும் ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் போமோனாவும் அதன் கிளேர்மாண்ட் அண்டைக் கல்லூரிகளும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஐந்து ஆசிரியர்தான் என்ற குறை இப்படிப்பட்ட இடங்களில் பாதி தீர்ந்துவிடும்.

ஆய்வேடு கட்டாயமா என்று கேளுங்கள். ஒஹாயோவில் உள்ள வூஸ்டர் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தனி ஆய்வு செய்து ஏடு எழுதியே ஆகவேண்டும். ஒப்படைக்கும் நாளில் கையில் ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் தருவார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதலாம் என்னும் கல்லூரியில், விரும்பியும் இடம் கிடைக்காமல் போனவர் எத்தனை பேர் என்பதே சரியான கேள்வி. நரம்பறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் மாணவர்கள் சுவரொட்டியாகத் தங்கள் ஆய்வை வைக்கிறார்களா, மேலே சொன்ன ஃபன் அமைப்பு அங்கே நடத்தும் இளநிலை மாணவர் அமர்வுக்குப் போகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

பணமும் விசாவும்

தனியார் கல்லூரிகளில் முன்னணியில் உள்ளவற்றின் ஒரு வருட முழுச் செலவு, தங்கும் இடமும் சாப்பாடும் சேர்த்து, 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. இதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். விலைப்பட்டியலில் உள்ளதை எல்லோரும் கட்டுவதில்லை. ஆம்ஹெர்ஸ்டும் போடனும் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமலே தேர்வு செய்கின்றன; தேர்வானவருக்குத் தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. ஸ்வார்த்மோர், போமோனா, வில்லியம்ஸ் போன்றவையும் தேர்வானவரின் தேவையை முழுதாக ஈடுகட்டுகின்றன. வில்லியம்ஸ் 2022 முதல் உதவித்தொகையில் கடனையே எடுத்துவிட்டது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகள், நீங்கள் உதவி கேட்கிறீர்களா என்பதையும் வைத்துத்தான் வெளிநாட்டு விண்ணப்பத்தை எடைபோடும். நவம்பரில் முடியும் முன்கூட்டிய விண்ணப்ப முறை பெரும்பாலும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இடம் கிடைத்தால் போயே ஆகவேண்டும். அதில் கையெழுத்துப் போடும் முன் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள செலவுக் கணிப்பானில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து உண்மையான வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். நிலம், நகை என்று கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் தர வேண்டியிருக்கும்.

எஃப்-1 மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். கோடையில் பல மாணவர்கள் பேசிக்கொள்ளும் ஆர்.இ.யு. என்ற தேசிய அறிவியல் அறக்கட்டளைத் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். அதை நம்பித் திட்டமிடாதீர்கள். உங்களுக்குப் பயன்படுவது கல்லூரியே சொந்தப் பணத்தில் தரும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை. அதில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இடமுண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வரும் கோடையில் பெங்களூரு என்.சி.பி.எஸ்., இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையம், சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் ஆகியவற்றில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதிப் பார்க்கலாம். டிசம்பரிலேயே எழுதினால்தான் மதிப்பு.

பலரும் கவனிக்காத ஒரு சங்கதி, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் மேஜருக்கு எதிரே இருக்கும் குறியீட்டு எண். நரம்பறிவியல் 26.1501 என்ற எண்ணில் இருந்தால், படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதியோடு அறிவியல் துறைகளுக்கான 24 மாத நீட்டிப்பும் கேட்கலாம். பொது உளவியல் என்ற குறியீட்டுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. ஏறக்குறைய அதே பாடங்கள், அதே ஆய்வகம். இரண்டு வருட வித்தியாசம். சிறு தொகுப்பாக மட்டும் நரம்பறிவியலைத் தரும் கல்லூரியில் உளவியல் மேஜர் எடுக்கப்போகிறவர்கள் இதைச் சேரும் முன்பே யோசிக்க வேண்டும். குடியேற்ற விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை; கையெழுத்திடும் வருடத்தில் நடப்பு விதியைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு

அமெரிக்காவில் எம்.எஸ்ஸி. இல்லாமலே இளநிலையிலிருந்து நேராக பி.எச்டி.யில் சேரலாம். கட்டணம் தள்ளுபடியாகி மாதச் சம்பளம் போல உதவித்தொகையும் வரும். ஆனால் இப்போதெல்லாம் பலர் உடனே சேர்வதில்லை. ஏதாவது ஒரு பெரிய ஆய்வகத்தில் இரண்டு வருடம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்குத்தான் மேலே சொன்ன 24 மாதம் அவ்வளவு முக்கியம். சிறிய கல்லூரியில் படித்தவருக்குப் பெரிய ஆய்வகம் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் இருக்கும் குறையும் அங்கே தீர்ந்துவிடும். தரவுப் பகுப்பாய்வு, மருந்து நிறுவனம், அறிவியல் எழுத்து என்று வேறு பக்கம் போகிறவர்களும் நிறைய. இந்தியா திரும்பி மேற்படிப்பில் சேர விரும்புகிறவர்கள் வெளிநாட்டுப் பட்டத்துக்கான சமநிலைச் சான்றிதழைப் பட்டம் வாங்கிய கையோடு வாங்கிவைப்பது நல்லது.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் நரம்பறிவியல் துறைத் தலைவருக்கும் நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளை அனுப்ப முடியுமா, அவற்றில் எத்தனை வெளிநாட்டு மாணவர்கள் எழுதியவை என்று கேளுங்கள். சிறிய கல்லூரியில் அந்தப் பட்டியலை எடுத்து அனுப்பப் பத்து நிமிடம் போதும். இரண்டு முறை எழுதியும் பதில் வராத கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.